குங்குமம், ஹைப்போ, 17.5 பவுண்ட்: புதிய நர்ஸ்களுக்குத் தொற்றுத் தடுப்புப் பயிற்சி கொடுப்பது எப்படி

வார்டு இன்சார்ஜாகப் பொறுப்பேற்ற வாரத்திலேயே, "புதுசா வந்த பிள்ளைங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் கிளாஸ் எடுத்துடுங்க சிஸ்டர்" என்று வந்துவிடும். படம் காட்டிப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். செய்யவைத்தால்தான் எங்கே தப்புகிறது என்று தெரியும். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு முற்பகல் போதும். சேலத்தில் பழகிய சில கணக்குகள் மலைமேல் இருக்கும் ஏற்காட்டில் செல்லாது. அந்தந்தப் படியிலேயே அதையும் சேர்த்திருக்கிறோம்.

எடுத்துவைக்க வேண்டியவை: கிளவுஸ், குங்குமம், ஒரு கைக்குட்டை, 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அளவுக் குவளை, சமையல் தராசு, ப்ளீச்சிங் பவுடர், வார்டில் இருக்கும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி) கேன்.

படி 1: குங்குமக் கை

கிளவுஸ் போடச் சொல்லி, கண்ணைக் கட்டி, தண்ணீரில் தளரக் குழைத்த குங்குமத்தை ஒரு டீஸ்பூன் உள்ளங்கையில் விடுங்கள். ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) போடுவதுபோல் தேய்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் வேண்டாம், லேடெக்ஸ் நிறத்தோடு கலந்துவிடும். கண்ணைத் திறந்தால் கட்டைவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு மூன்றும் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். டிரிப் ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் கேனுலாவைத் தொடுவது அந்த நுனிதான்.

இதற்குப் பிறகு நேரத்தைச் சொல்லுங்கள். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. பத்து விநாடியிலேயே கை உலர்ந்தால் எடுத்த அளவு போதவில்லை. கையில் ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தாலும், வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்திருந்தாலும் சோப்புதான். சில கிருமிகளின் ஸ்போரை (கெட்டி உறைக்குள் உறங்கும் வடிவத்தை) ஆல்கஹால் கொல்லாது. கை சுத்தம் செய்ய உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 தருணங்களில் எல்லோரும் விடுவது கடைசியைத்தான்: நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியையோ டிரிப் ஸ்டாண்டையோ மட்டும் தொட்ட பிறகு கை சுத்தம் செய்வது.

படி 2: ஹைப்போ கணக்கு

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். ரத்தம் சிந்திய இடத்துக்கு 1 சதவீதக் கரைசல் வேண்டும். கேனில் 10 சதவீதம் என்றிருந்தால் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர். 5 சதவீதம் என்றிருந்தால் ஒரு பங்குக்கு 4 பங்கு. "ஒண்ணுக்கு ஒன்பது" என்று மனப்பாடம் செய்தவர்கள் லேபிளைப் பார்ப்பதில்லை. 5 சதவீதக் கேன் வந்த மாதம் முழுக்க வார்டில் அரை சதவீதம்தான் ஓடும். கேனின் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து ஒன்றைக் கழித்தால், எத்தனை பங்கு தண்ணீர் என்று வந்துவிடும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போடவையுங்கள்.

ப்ளீச்சிங் பவுடரில் 30 சதவீதக் குளோரின் இருந்தால், அதே 1 சதவீதக் கரைசலுக்கு லிட்டருக்கு 33 கிராம், 10 லிட்டர் வாளிக்கு 330 கிராம். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, மீதித் தண்ணீரைச் சேர்த்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். திறந்தே கிடந்த மூட்டையில் குளோரின் பறந்திருக்கும். மலைப் பக்கத்து ஈரக் காற்றில் பவுடர் கட்டிபிடித்தே போகும். சேலத்து வெயிலில் ஜன்னலோரம் வைத்த கேனும் வீரியம் இழக்கும். ஆகவே நிழலில், மூடிவைத்து, அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிவறை ஆசிட்டோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.

சிந்திய ரத்தத்தின் மேல் முதலில் பழைய துணியோ காகிதமோ போட்டு, அதன்மேல் கரைசலை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்தது மஞ்சள் கழிவுப் பைக்கு. ஊற்றியவுடன் துடைத்தால் ஊற்றியதே வீண்.

மாப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் அது காயாது. ஈர மாப்பை மூலையில் நிறுத்திவைத்தால், மறுநாள் தரையில் கிருமியைத்தான் பூசுகிறோம். இரண்டு செட் வைத்து, காய்ந்ததை மட்டும் எடுக்க வேண்டும்.

படி 3: ஆட்டோகிளேவ்

ஆவியின் சூட்டில் கிருமியைக் கொல்லும் இந்தக் கருவிக்குப் பாடத்தில் இருப்பது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்ட் அழுத்தம், 121 டிகிரி, துணி சுற்றிய பொருளுக்கு 30 நிமிடம். சேலத்தில் இது சரி. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். வெளிக் காற்றழுத்தம் குறைவு என்பதால், முள் 15 காட்டும்போது உள்ளே சுமார் 118 டிகிரிதான். மூன்று டிகிரிதானே என்று விடக்கூடாது, கொல்லும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 300 மீட்டருக்கு அரைப் பவுண்ட் கூட்டினால் ஏற்காட்டுக்கு 17.5 பவுண்ட். வெப்பமானி உள்ள கருவி என்றால் அழுத்தத்தை விட்டுவிட்டு 121 டிகிரியைப் பாருங்கள். குக்கர் வகையில் எடை வால்வு 15-க்கு மேல் போகவிடாது. அதன்மேல் பாரம் ஏற்றும் வேலை வேண்டவே வேண்டாம். நேரத்தைக் கூட்டி, அது போதுமா என்பதை ஸ்போர் சோதனையில் (ஸ்போரை உள்ளே வைத்து எடுத்து, செத்ததா என்று பார்ப்பது) உறுதிசெய்யுங்கள்.

முதலில் உள்ளிருக்கும் காற்று முழுதும் போய், ஆவி ஒரே சீராக வந்த பிறகே வால்வை மூடவேண்டும். பொருளை அடுக்கும் டிரம்மின் துளைகள் உள்ளே வைக்கும்போது திறந்திருக்க வேண்டும், எடுத்ததும் மூட வேண்டும். துணியை அமுக்கித் திணித்தால் நடுவுக்கு ஆவி போகாது. பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில் கோடு கறுத்தது என்றால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள். ஈரமாக வந்த பொட்டலம் ஸ்டெரைல் அல்ல.

படி 4: கழிவுக்கு நிறப் பைகள்

ஐவி செட், ஊசி கழற்றிய சிரிஞ்ச், கிளவுஸ் சிவப்பில். ரத்தப் பஞ்சு, டிரஸ்ஸிங் மஞ்சளில். ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவில், முக்கால் நிறைந்ததும் மூடி. கண்ணாடி ஆம்பூல் நீலத்தில். சுத்திகரிக்காத கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது. மழையில் மலைப்பாதை அடைபட்டால் கழிவு எடுக்கும் வண்டி வராது என்பதை மலை நிலையங்கள் முன்பே யோசிக்க வேண்டும்.

படி 5: ஊசி குத்தினால்

குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், டெட்டால் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே டூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று அவர் முடிவு செய்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 28 நாள் தொடர வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வருவதற்குள் அந்த 2 மணியில் பாதி போய்விடும். முதல் டோஸ் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை நைட் டூட்டி மேசையில் எழுதி ஒட்டுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்றும் போட்டாயிற்றா என்று பயிற்சி அன்றே பதிவேட்டைப் பாருங்கள்.

படி 6: பத்து நாள் கழித்து

சொல்லாமல் வார்டில் நின்று, ஒவ்வொருவரும் கை சுத்தம் செய்யவேண்டிய 10 தருணங்களைக் குறியுங்கள். எத்தனையில் செய்தார்கள் என்பதை அவரிடம் மட்டும் காட்டுங்கள், எல்லோர் முன்னும் வேண்டாம். கட்டிலருகே ஹேண்ட் ரப் பாட்டில் காலியாக இருந்தால், அந்த நர்ஸின் மார்க்கைக் குறைக்காமல் ஸ்டோருக்கு இன்டென்ட் போடுங்கள்.