பெயர் வெளியே தெரியாமல் ஊழல் புகார் அனுப்புவது எப்படி? மத்திய அரசு ஊழியர்களுக்கு

தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார் பொறியாளர் சத்யேந்திர துபே. தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதமோ பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்து, உச்ச நீதிமன்றமும் கேள்வி கேட்ட பிறகு, 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகாரை வாங்கும், பெயரை வெளியே விடாது. 'பிஐடிபிஐ' (PIDPI: பொதுநலன் கருதித் தகவல் வெளியிடுதல், தகவல் தருபவர் பாதுகாப்பு) புகார் என்பது இதுதான்.

1. உங்கள் விஷயம் இதில் வருமா?
மத்திய அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் எல்லாம் வரும். மாநில அரசு அலுவலகங்கள் வராது. உங்கள் பதவி உயர்வு, இடமாற்றக் குறைகளுக்கும் இது இடமல்ல.

2. கடிதம் எழுதுதல்
அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஆணையம் உங்கள் பெயரை மறைத்தாலும், கடிதத்தின் வாசகமே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடலாம். "நான் ஆட்சேபித்துக் குறிப்பு எழுதினேன்" என்று ஒரு வரி இருந்தால் போதும், யாரென்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். எந்த டெண்டர், எந்தத் தேதி, எந்த விதி மீறப்பட்டது, ஆதாரம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது வேண்டாம். இருவர் மட்டுமே பார்த்த தாளின் நகலை இணைக்கும் முன் நன்றாக யோசியுங்கள். எழுதி முடித்ததும், புகாருக்கு உள்ளாகும் அதிகாரியின் கண்ணால் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

3. பெயரும் முகவரியும்
மொட்டைக் கடிதத்தை ஏற்கமாட்டார்கள். பெயர், வீட்டு முகவரி இரண்டையும் தனித்தாளில் எழுதி இணைப்பது நல்லது.

4. உறை
ஒட்டி மூடிய உறையின் மேல் 'PIDPI' என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். செயலாளர், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம், சதர்க்தா பவன், ஐஎன்ஏ, புதுதில்லி 110023 என்று முகவரியிடுங்கள். அனுப்புநர் பெயர் உறையில் வேண்டாம். இவ்வகைத் தபாலுக்கு அதை வற்புறுத்தக் கூடாது என்று அஞ்சலகங்களுக்கு அறிவுறுத்தல் உண்டு. அலுவலகத் தபால் பிரிவு வழியாக அனுப்பவே அனுப்பாதீர்கள்.

5. அனுப்பிய பிறகு
புகார் எழுதியது நீங்கள்தானா, இதையே வேறெங்கும் அனுப்பவில்லையா என்று ஆணையம் வீட்டுக்குக் கடிதம் எழுதும். உடனே பதில் போடுங்கள். ஆகவே அமைச்சருக்கோ பத்திரிகைக்கோ நகல் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் ரகசியம் காக்கும் பொறுப்பு ஆணையத்துக்கு இல்லாமல் போகும்.

6. பழிவாங்கினால்
ஆணையத்திடமே முறையிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ் பாதுகாப்பும் கேட்கலாம். இதற்கென நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசு இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. உயிரைப் பணயம் வைத்து எழுதுபவருக்கு இது பெரிய அநீதி. அதனால் புகாருக்கு முந்தைய பணி மதிப்பீடுகள், பிந்தைய மெமோக்கள், மாறுதல் உத்தரவுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வீட்டில் வைத்திருங்கள். முறையிடும்போது அவைதான் உங்கள் ஆதாரம்.