சாமி இல்லையோ என்று தோன்றத் தொடங்கியவருக்கு

எனக்கு அந்த எண்ணம் முதன்முதலில் வந்தது திருநள்ளாற்றில், நளதீர்த்தத்தில் முழுகி எழுந்தபோது. ஏழரைச் சனி நடப்பதால்தான் வேலை கிடைக்கவில்லை என்று சோதிடர் சொன்னதைக் கேட்டு, அம்மா என்னைக் கும்பகோணத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் அழைத்துப் போயிருந்தார். உச்சந்தலையில் தேய்த்த நல்லெண்ணெய் காதோரம் வழிய, இடுப்பளவு தண்ணீரில் நின்று சுற்றிலும் பார்த்தேன். படிகளெங்கும் ஈரத்துணி குவிந்து கிடந்தது. என்னைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் உடுத்தியிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் கரையேறிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரையுமா சனி பிடித்திருக்கிறது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு இருக்கிறது. எந்த நேரத்திலும் 12 ராசியில் 3 ராசிக்காரருக்கு ஏழரை நடக்கும். அட்டமம், அர்த்தாட்டமம், கண்டகம் என்று இன்னும் 3 ராசி சேரும். ஆக, ஊரில் பாதிப் பேர் எப்போதும் ஏதாவது ஒரு சனியில்தான் இருக்கிறார்கள். வேலை கிடைக்காத யாரும் காரணம் தேடிப் போனால், பாதிக்குப் பாதி சனி அகப்பட்டே தீரும்.

இந்தக் கணக்கைப் போட்ட அன்றே நான் நாத்திகன் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அது பிழை என்பது தெரியப் பல ஆண்டுகள் ஆயின. சனிப்பெயர்ச்சிக் கணக்கு உடைந்தால் சோதிடம்தான் உடைகிறது. உலகுக்கு ஒரு முதல்வன் உண்டா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்து, இன்று அதே இடத்தில் தடுமாறி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆகவே முதல் வேலை, உங்கள் ஐயம் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்ப்பது. ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மனத்துக்குள் எல்லாம் ஒன்றாகவே சுழலும். பரிகாரம் பலிக்குமா என்பது ஒரு கேள்வி. கோயிலை நடத்துகிறவர்கள் நேர்மையானவர்களா என்பது வேறு. சாமி புறப்பாடு தம் தெருவுக்கு மட்டும் வராததைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவரின் கேள்வி இன்னும் வேறு. அவர் உண்மையில் கேட்பது கடவுளைப் பற்றியா, ஊரைப் பற்றியா என்பதை அவரேதான் முடிவுசெய்ய வேண்டும். இவற்றுக்கெல்லாம் அப்பால், கடவுள் என ஒருவர் இருக்கிறாரா என்பது தனிக் கேள்வி. முதல் மூன்றுக்கும் ‘இல்லை’ என்று விடை எழுதிவிட்டு, நான்காவதற்கு ‘உண்டு’ என்று எழுதுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். சித்தர்கள் பலர் அந்த வகைதான்.

கோபத்தை ஐயத்திலிருந்து பிரிப்பதுதான் இதில் கடினமான பகுதி. பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் போய் நின்று, உம் அடியார் துன்பப்படுவதைப் பார்த்துக்கொண்டு நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று இறைவனையே ஏசிப் பாடினார். தேவாரத்துக்குள்ளேயே இருக்கிறது அந்தப் பதிகம். எதிரில் ஆள் இருக்கிறார் என்ற உறுதி இல்லாதவன் அப்படி ஏச மாட்டான். ‘எனக்கு ஏன் இப்படிச் செய்தாய்’ என்று நீங்கள் இன்னும் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் இருப்பது சண்டை. நம்பிக்கையின்மை இன்னும் வரவில்லை. அவசரப்பட்டு அதற்குப் பெயர் சூட்ட வேண்டாம்.

ஆனால் சில கோபங்கள் அங்கேயே நிற்பதில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் வேளாங்கண்ணிக் கரையில் இருந்த பயணிகளும் அதில் உண்டு. ஐந்தரை மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டும் என் தலைமுறையில் பலரின் நம்பிக்கையைக் குலைத்தன. இதற்கு மதங்கள் தரும் விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிப் பாருங்கள்: முற்பிறவி வினை, இறைவனின் சோதனை, நமக்குப் புலப்படாத திட்டம், மனிதனுக்கு அளித்த சுதந்திரம். கடைசி விடை அந்தப் பள்ளியின் கீற்றுக் கூரைக்கும் குறுகலான மாடிப்படிக்கும் ஓரளவு பொருந்தலாம். கடலடி நிலநடுக்கத்துக்குப் பொருந்தாது. வினை என்ற விடையைப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் நின்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இங்கே கவனம் வேண்டும்: ஒரு விடையைச் சொல்ல நாக்கு கூசுகிறது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. அது கொடுமையான விடை என்று ஒரு பக்கத்திலும், அதற்குச் சான்று என்ன என்று மறுபக்கத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். நான் எழுதியபோது இரண்டாம் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

அடுத்தது படிப்பு. எதிர்த்தரப்பின் பலவீனமான ஆளைப் பிடித்து அடிப்பது எளிது. தெருமுனைச் சாமியாரை வென்றுவிட்டு மெய்கண்டாரை வென்றதாக நினைக்கக் கூடாது. அவர் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் 12 நூற்பாக்களே கொண்டது. அதன் முதல் நூற்பா, அவன் அவள் அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்குக் கர்த்தா ஒருவன் வேண்டும் என்கிறது. அதற்குத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய மாபாடியம் என்ற பேருரையில், நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விகள் பல முன்பே கேட்கப்பட்டிருக்கும். குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல என்ற உவமையை நிதானமாக எடைபோடுங்கள். குயவர் குடம் வனைவதை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் குடத்தைக் கண்டதும் அவரை ஊகிக்கிறோம். உலகம் வனையப்படுவதை யாரும் பார்த்ததில்லை. வினை தானே பலனைத் தராது, சடமாகிய அதைக் கூட்டுவிக்க ஒருவன் தேவை என்பது சைவத்தின் இன்னொரு வாதம். வேதத்தை ஏற்ற மீமாஞ்சகர் என்ற தத்துவப் பிரிவினரே அப்படி ஒருவன் தேவையில்லை என்றார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சமணமும் பௌத்தமும் படைத்தவன் இல்லாமலேயே இந்த மண்ணில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவை. இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரே கொடையாக விடப்பட்டது. கடவுளை மறுப்பது நேற்று வந்த இறக்குமதி என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லலாம்.

உங்கள் தரப்பின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். புகாரில் தொடங்கும் மணிமேகலையில், சமயவாதிகள் பலர் தத்தம் கொள்கையைச் சொல்லும் காதை ஒன்று உண்டு. அங்கே நிலம், நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி, பூவும் வெல்லக்கட்டியும் கூடும்போது மதுவில் களிப்புப் பிறப்பதுபோலப் பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கிறது என்றும், கண்கூடாகத் தெரிவதை மட்டுமே ஏற்பேன் என்றும் சொல்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள் மணிமேகலை. ‘கண்ணால் பார்க்காததை நம்ப மாட்டேன்’ என்று தேநீர்க் கடையில் முழங்குகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வி போதும். அணுவையும் நாம் கண்ணால் பார்த்ததில்லை. கேட்க வேண்டியது, அனுமானத்துக்கு அடிப்படை எவ்வளவு உறுதியானது என்பதே.

வாதத்தோடு நிற்காமல் சோதித்துப் பார்க்கக்கூடியதைச் சோதியுங்கள். வைத்தீசுவரன்கோயிலுக்கு நாடி சோதிடம் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்று, ஓலை படிப்பவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் துணைக்கு வந்தவரையோ நீங்களோ எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். ஆணுக்கு வலக்கைப் பெருவிரல், பெண்ணுக்கு இடக்கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், சற்று நேரத்தில் ஒரு கட்டு ஓலையோடு வருவார். தந்தை பெயர் இந்த எழுத்தில் தொடங்குமா, உடன்பிறந்தார் இருவரா, வழக்கு ஏதும் உண்டா என்று கேள்விகள் வரும். இல்லை என்றால் அந்த ஓலை தள்ளப்படும், ஆம் என்றால் நிற்கும். நான் எழுதிய தாளில் 40க்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. கடைசியில் என் தந்தை பெயரை ஓலையிலிருந்து அவர் கணீரென்று படித்தபோது, கூட வந்த உறவினர் கண்கலங்கினார். தாளைத் திருப்பிப் பார்த்தால், அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று நானே கொடுத்திருந்தேன். வேண்டுதலுக்கும் இதே முறைதான். பலித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். பலிக்காததையும் சேர்த்து ஓராண்டு எழுதுங்கள். மேட்டூர் அணையில் எத்தனை அடி இருக்கிறது என்பது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையைப் பொறுத்தது என்று தெரிந்த நம் விவசாயிகள், அப்படி எழுதிப் பழகியவர்கள்தாம்.

இனி வீடு. நம் பக்கத்தில் நம்பிக்கை என்பது பெரும்பாலும் நாட்காட்டிதான். பிரதோஷம், ஆடிப்பெருக்கு, குலதெய்வத்துக்குக் கிடா, அப்பாவின் திதி என்று அது உறவுகளோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே எதில் கலந்துகொள்வது, எதை மறுப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள், பந்தியில் உட்கார்ந்த பிறகு யோசிக்க வேண்டாம். ஆடிப் பதினெட்டு அன்று படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் காப்பரிசி படைக்கும் அம்மாவுக்குக் கூடை தூக்கிக்கொண்டு போவதால் யாருடைய கொள்கையும் கெட்டுவிடாது. பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த திருவாரூர் ஆழித்தேர் 1970இல் மறுபடி ஓடியது, கடவுள் மறுப்பாளரான மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில். தேரை ஊரின் சொத்தாகப் பார்க்கலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டை நான் தேடவில்லை. ஆனால் நோய்க்கு மருத்துவரைத் தள்ளிவைத்துவிட்டுப் பரிகாரம், வட்டிக்கு வாங்கிச் செய்யும் யாகம், சாதகம் பொருந்தவில்லை என்று ஒரு பெண்ணைத் தட்டிக்கழிப்பது, பச்சைக் குழந்தைக்கு அலகு குத்துவது ஆகியவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்த இடத்தில் பணிவு, கோழைத்தனத்துக்கு வைத்த நல்ல பெயராகிவிடும்.

சொல்வதற்கும் நேரம் உண்டு. சாவு வீட்டில் சொல்லாதீர்கள். திருவிழா அன்றும் வேண்டாம். நான் அம்மாவிடம் சொன்னது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில், அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. “எனக்குச் சாமி இருக்குறதா தோணலைம்மா” என்றேன். அவர் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “உனக்குத் தோணலைன்னா போகுது, எனக்குத் தோணுதுல்ல” என்றார். அன்றிரவும் தூங்கப் போகுமுன் என் நெற்றியில் திருநீறு பூசினார். நான் தலையைக் குனிந்தேன். ‘அதைத் துடைத்திருக்க வேண்டும்’ என்று பின்னாளில் ஒரு தோழர் சொன்னார். அவருடைய அம்மா பூசியதில்லை போலும்.

எல்லா வீடும் இப்படி இருக்காது. சம்பாத்தியம் இல்லாத மாணவர், புகுந்த வீட்டில் இருக்கும் மருமகள், சொன்னால் அடி விழும் என்று தெரிந்தவர் ஆகியோர் சொந்தக் காலில் நிற்கும்வரை பேசாமலிருப்பதில் தவறே இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் குடும்பத்தில் பிறந்தவருக்கும், நாகூர்க் கந்தூரிக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவருக்கும் இழப்பதற்கு என்னைவிட அதிகம் இருக்கலாம். அவர்களுக்கு நான் துணிச்சல் கற்பிக்க மாட்டேன். நம்பகமான ஒரே ஒருவரிடமாவது பேசுங்கள், அவ்வளவுதான்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தைத் தருகிறது. நீதிமன்றத்தில் கடவுள் பெயரால் சத்தியம் செய்யாமல் உளமார உறுதிமொழி கூறலாம். 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, இந்து மணமக்கள் இருவர் உற்றார் நண்பர்கள் முன்னிலையில் புரோகிதர் இல்லாமலே மாலையோ மோதிரமோ மாற்றி மணந்துகொள்ளலாம்; வேறு வேறு மதத்தில் பிறந்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, அதற்கு 30 நாள் முன்னறிவிப்புத் தேவை. நாத்திகர் ஆனதால் மட்டும் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து யாரும் வெளியே போய்விடுவதில்லை. சொத்து போய்விடும் என்று உறவினர் மிரட்டினால் கவலைப்பட வேண்டாம்.

கடைசியாக, உங்கள் சாவுக்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கொள்கையைப் பாடையோடு சேர்த்துக் காவிரிக் கரைக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதானால் உயிரோடு இருக்கும்போதே உடற்கூறியல் துறையில் படிவம் நிரப்பி, வீட்டாரின் ஒப்புதலையும் வாங்க வேண்டும். கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், தொலைபேசி எண்ணை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைப்பது நல்லது. என் படிவத்தில் மனைவி தயங்காமல் கையெழுத்துப் போட்டார். பதினாறாம் நாள் படையலும் சாப்பாடும் மட்டும் தன் விருப்பப்படிதான் நடக்கும் என்றும், வாழைக்காய் வறுவல் கட்டாயம் உண்டு என்றும் சொல்லிவிட்டார். அதற்கு நான் மறுப்பு எழுதவில்லை.