பிஜிடேப் சோதனைகளுக்குத் தமிழில் பெயர் வைக்க

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு யூனிட் டெஸ்ட் எழுத உதவும் பிஜிடேப்பில், ரன்டெஸ்ட்ஸ் என்ற ஃபங்ஷன் ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று தொடங்கும் ஃபங்ஷன்களை மட்டுமே தானாகத் தேடி ஓட்டும். இந்த முன்னொட்டை மாற்றலாம், தமிழிலும் வைக்கலாம்.

முதலில் சோதனைகளுக்கென்று தேர்வறை என்ற தனி ஸ்கீமா (தரவுத்தளத்துக்குள் ஃபங்ஷன்களையும் அட்டவணைகளையும் பிரித்து வைக்கும் பகுதி) உருவாக்குங்கள். அதற்குள் தேர்வு_வரி_கழிவு என்ற பாணியில் ஃபங்ஷன்கள் எழுதுங்கள். அவை ஆர்க்யுமென்ட் எதுவும் வாங்கக் கூடாது. பிறகு இப்படி ஓட்டுங்கள்:

ரன்டெஸ்ட்ஸ்('தேர்வறை'::நேம், '^தேர்வு_')

ரன்டெஸ்ட்ஸ், நேம் இரண்டும் ஆங்கில எழுத்தில், மற்றவை அப்படியே. ஸ்கீமாவை மட்டும் தரும்போது ::நேம் விட்டுப்போனால், அதையே தேடல் வடிவமாக எடுத்துக்கொள்ளும். '^தேர்வு_' என்ற தேடல் வடிவத்தின் கடைசி அடிக்கோடும் முக்கியம். அது இல்லாவிட்டால் தேர்வுத்தரவு_நிரப்பு போன்ற துணை ஃபங்ஷனும் சோதனையாக ஓடும்.

சோதனைகளுக்கு முன்னும் பின்னும் தானாக ஓடும் ஃபங்ஷன்களுக்கான ஸ்டார்ட்அப், செட்டப், டியர்டவுன், ஷட்டவுன் என்ற நான்கு முன்னொட்டுகளை ரன்டெஸ்ட்ஸ் மூலம் மாற்ற முடியாது, ஆங்கிலத்திலேயே விடுங்கள். தனி ஸ்கீமா கேட்பதும் இதனால்தான்: செயலியின் ஸ்கீமாவில் செட்டப் என்று தொடங்கும் ஃபங்ஷன் இருந்தால், ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அது ஓடிவிடும்.

'சோதனை_' என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. 'சோ'வை ச + ோ என்றும் சேமிக்கலாம், ச + ே + ா என்றும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், போஸ்ட்கிரெஸுக்கு வேறு வேறு. ஒருவர் விசைப்பலகை ஒரு விதமாகவும் இன்னொருவருடையது மறுவிதமாகவும் தந்தால், பிழைச்செய்தியே இல்லாமல் சோதனை விடுபடும். முன்னொட்டில் ொ, ோ, ௌ வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நீளம். பெயருக்கு வரம்பு 63 பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. தேர்வு_ மட்டுமே 19 பைட். தேர்வு_வாடிக்கையாளர்_தள்ளுபடி, தேர்வு_வாடிக்கையாளர்_தவணை இரண்டையும் உருவாக்கினால், இரண்டுமே தேர்வு_வாடிக்கையாளர்_த என்று வெட்டுப்படும். 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' என்று எழுதியிருந்தால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும்; வெட்டியதாக ஒரு நோட்டீஸ் மட்டும் வரும். சோதனைகளுக்கு வெறும் 'கிரியேட் ஃபங்ஷன்' போதும், மோதினால் பிழை காட்டி நிற்கும்.

ஓட்டும் வரிசை பெயர் வரிசைதான். எண் சேர்த்தால் 01, 02 என்று இரண்டு இலக்கமாகச் சேருங்கள்; இல்லாவிட்டால் 10 வந்த பிறகே 2 வரும்.

ஓட்டுவதற்கு முன் ஃபைண்ட்ஃபங்க்ஸ்('தேர்வறை'::நேம், '^தேர்வு_') கொடுத்துப் பட்டியலை எடுங்கள். எழுதிய சோதனைகளின் எண்ணிக்கையும் அதில் வரும் பெயர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.