கைடு தேடும்போது சைட்டேஷனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகிறவர்கள் பிஎச்.டி.க்குக் கைடு தேடத் தொடங்கினால், முதலில் திறப்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத்தான். பல்கலை நகரில் உள்ள காமராசர் பல்கலைக்கழகத்தில் சேர்வதாக இருந்தாலும் சரி, ஊருக்குள் ஒரு கல்லூரியில் சேர்வதாக இருந்தாலும் சரி, ஒரு பேராசிரியரின் மொத்த சைட்டேஷன் (அவருடைய பேப்பர்களை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை) எவ்வளவு, எச்-இன்டெக்ஸ் (பேப்பர் எண்ணிக்கையையும் மேற்கோளையும் சேர்த்துப் பார்க்கும் எண்) எவ்வளவு என்று பார்த்து, பெரிய எண் உள்ளவரிடம் போய் நிற்கிறார்கள். நான்கைந்து வருட உழைப்பை ஒருவரிடம் ஒப்படைக்கும் முடிவை இரண்டு எண்களை நம்பி எடுக்கக் கூடாது. உயிர்-கனிம வேதியியலில், அதாவது தாமிரம், இரும்பு போன்ற உலோகங்கள் உயிருக்குள் செய்யும் வேலையை ஆராயும் துறையில், இந்த எண்கள் இன்னும் அதிகமாகவே திசைதிருப்பும்.

அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர்தான் ஒருவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. காப்பர் சேர்மங்களில் வேலை செய்கிற எல்லோருக்கும் ‘டௌ’ மதிப்பு தெரியும். உலோகத்தைச் சுற்றி ஐந்து பிணைப்புகள் இருந்தால், அமைப்பு சதுரப் பிரமிடா, முக்கோண இருபிரமிடா என்று சொல்லும் எண் அது. மிகப்பெரிய இரண்டு பிணைப்புக் கோணங்களைக் கழித்து 60-ஆல் வகுக்க வேண்டும். 172, 148 டிகிரி என்றால் விடை 0.4. பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் சதுரப் பிரமிடு, ஒன்றுக்குப் பக்கம் வந்தால் இருபிரமிடு. ஆடிசன், ரீடைக் உள்ளிட்டோர் 1984-இல் இதை எழுதினார்கள். அந்தப் பேப்பர் உண்மையில் நைட்ரஜனும் கந்தகமும் பிணைந்த காப்பர் சேர்மங்களைப் பற்றியது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் அதை மேற்கோள் காட்டியது பெரும்பாலும் இந்தக் கணக்குக்காகத்தான். கருவியைக் கொடுத்தவர்களுக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நெதர்லாந்தின் லைடனில் ரீடைக் குழு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து டி.என்.ஏ.வோடு எப்படிப் பிணைகிறது என்று ஆராய்ந்த ஆழத்தை அந்த எண்ணிக்கை காட்டாது. புரத அளவைக் கண்டறிய லௌரி குழு 1951-இல் வெளியிட்ட முறைக்கும் இதே கதைதான்: மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள்.

எங்கே மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. பிளாட்டினம் சேர்மங்கள் பாக்டீரியா செல் பிரிவதைத் தடுப்பதை ரோசன்பர்க் 1965-இல் கண்டார், 1978-இல் சிஸ்பிளாட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிலிருந்து காப்பர், ருத்தேனியம் சேர்மங்களைச் செய்து டி.என்.ஏ.வோடு பிணைத்துப் பார்க்கும் பேப்பர்கள் குவிந்துவிட்டன. லிகண்ட் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு), காம்ப்ளெக்ஸ் (இரண்டும் சேர்ந்த சேர்மம்), கன்றின் தைமஸ் டி.என்.ஏ., டி.என்.ஏ.வோடு ஒட்டும் சாயமான எத்திடியம் புரோமைடு, கடைசியில் செல்கள் பிழைக்கின்றனவா என்று பார்க்கும் எம்.டி.டி. சோதனை என்று வரிசைகூட மாறாது. அவற்றின் முன்னுரையில் ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேப்பர்கள் கொத்தாக வரும். அந்தக் கொத்தில் ஒன்றாக இருப்பதும், ‘இவர்கள் சொன்ன வழிமுறை எங்கள் சோதனையிலும் நின்றது’ என்று விவாதப் பகுதியில் தனியாகப் பெயர் சொல்லப்படுவதும் ஒன்றா? எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான். அதனால் சைட்டேஷன் பட்டியலைத் திறந்து நான்கைந்து பேப்பர்களிலாவது அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஒரு மாலை போதும்.

எச்-இன்டெக்ஸை ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தார். ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற நான்கு பேப்பர்கள் இருந்து, ஐந்துக்கு அப்படி அமையாவிட்டால் எச் நான்கு. ஐந்து பேப்பர்களுக்கு முறையே 25, 8, 5, 4, 3 மேற்கோள்கள் என்றால் எச் நான்கு. முதல் பேப்பருக்கு 25-க்குப் பதில் 3,000 வந்தாலும் நான்குதான். அது ஏறுமே தவிர இறங்காது, எனவே ஓய்வுபெறப்போகிறவரையும் வேலையில் சேர்ந்து ஆறு வருடமே ஆனவரையும் அதை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. ஒருவருக்கு ஸ்கோப்பஸ் (இன்னொரு மேற்கோள் தரவுத்தளம்) எண், இன்னொருவருக்கு ஸ்காலர் எண் என்று எடுப்பதும் தப்பு. ஆய்வேடுகளிலிருந்து வரும் மேற்கோள்களையும் ஸ்காலர் சேர்த்துக்கொள்வதால் அங்கே எண் பொதுவாகக் கூடும்.

இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது ஓர் இதழின் சமீபத்திய கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள் எண்ணிக்கையை, பேப்பரின் தரமாக எடுத்துக்கொள்பவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி ஷெல்ட்ரிக் 2008-இல் எழுதிய கட்டுரையைப் படிக அமைப்பு வெளியிட்டவர்களெல்லாம் மேற்கோள் காட்ட, ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் சுமார் 2-லிருந்து 2009-க்கான கணக்கில் ஏறக்குறைய 50-க்குத் தாவியது. அந்த இதழில் வந்த மற்ற கட்டுரைகள் அதனால் ஒரு துளியும் மாறவில்லை.

அப்புறம், நம் பெயர்கள். மீனாட்சிசுந்தரம் என்பதைச் சேர்த்து எழுதினால் ஒருவர், பிரித்து எழுதினால் தரவுத்தளத்தில் ‘சுந்தரம், எம்.’ என்று இன்னொருவர். இனிஷியல் சில பேப்பரில் முன்னால், சிலவற்றில் பின்னால். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றும் பெண்களின் பேப்பர்கள் இரண்டாக உடைகின்றன. ஒரே பெயர்கொண்ட வேறு ஊர்க்காரரின் பேப்பர்கள் ஒருவர் கணக்கில் வந்து சேர்வதும் உண்டு. ஆகவே புரொஃபைலில் எண் குறைவாக இருக்கிறது என்று ஒரு பேராசிரியரைத் தள்ளிவிடும் முன், துறைப் பக்கத்தில் உள்ள வெளியீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பெயருக்கும் இது நடக்கும். முதல் பேப்பரை அனுப்பும் முன்பே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் (ORCID) எண் ஒன்றை வாங்கிவிடுங்கள். 16 இலக்கம், கட்டணம் கிடையாது, இனிஷியல் மாறினாலும் எண் மாறாது.