பிள்ளைகள் கிட்டார் கற்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். அப்பா மோட்டார் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு வருவார்கள். போன ஆண்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன், மாமா கொடுத்த பெரிய இரும்புக் கம்பிக் கிட்டாரோடு வந்தான். மடியில் வைத்தால் பையனின் கண்ணும் நெற்றியும்தான் தெரிந்தன. கம்பியை அழுத்தச் சொன்னேன். அழுத்தினான், சத்தம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினான். விரல் நுனியில் சிவப்பாகக் கோடு விழுந்ததுதான் மிச்சம். “இவனுக்குக் கை வரல மாஸ்டர், விட்டுடலாமா?” என்று அப்பா கேட்டார்.

கோளாறு கிட்டாரில் இருந்தது. கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் கட்டைக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். அந்தக் கிட்டாரில் அது ஐந்தைத் தொட்டது. பெரியவர் விரலுக்கே வலிக்கும். முழு அளவுக் கிட்டாரின் கம்பி நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். எட்டு, ஒன்பது வயதுக் கைக்கு அது அதிகம். முக்கால் அளவில், நைலான் கம்பி போட்டது வாங்கிக் கொடுங்கள். ‘வளர்ந்த பிறகும் உதவுமே’ என்று பெரிதாக வாங்குவது பள்ளிச் சட்டைக்குச் சரி, கிட்டாருக்குச் சரிவராது. அமெரிக்காவின் டெரெக் டிரக்ஸ் 9 வயதில் 5 டாலர் பழைய கிட்டாரில் தொடங்கியவர். கை சிறியதாக இருந்ததால், விரலில் குழாய் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு முறைக்குப் போனார். 11 வயதிலேயே சம்பளத்துக்கு மேடை ஏறினார். இன்று அவர் பெயரே அந்த முறையோடு சேர்ந்துதான் பேசப்படுகிறது.

அடுத்தது காது. எனக்கு அதிகம் மனவருத்தம் தருவது இதுதான். பிள்ளை போனைப் பார்த்து ‘மூன்றாவது கம்பி, இரண்டாவது ஃபிரெட்’ என்று எண்களை மனப்பாடம் செய்கிறது. ஒரு மாதத்தில் பாட்டு வந்துவிடும், வீட்டில் எல்லாரும் கை தட்டுவார்கள். ஒரு கம்பி சுருதி இறங்கியிருந்தாலும் அதே எண்களை அப்படியே வாசித்துக்கொண்டிருக்கும். தப்பு காதில் விழவே விழாது.

மேண்டலின் ஸ்ரீநிவாஸ் ஆறு வயதில் அப்பாவின் மேண்டலினை எடுத்தவர். அவருடைய குரு சுப்பராஜு வாய்ப்பாட்டுக்காரர், மேண்டலின் வாசிக்கத் தெரியாதவர். குரு பாடுவார், பையன் கேட்டதைக் கம்பியில் தேடிப் பிடிப்பான். 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி செய்தபோது அவருக்கு 9 வயது. ஆஸ்திரேலியாவின் டாமி இம்மானுவேலுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். நான்கு வயதில் கிட்டார் கிடைத்தது. ஸ்டீல் கிட்டாரை மடியில் கிடத்தி வாசிக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கிட்டாரில் தாளம் போட்டார். இன்றுவரை நொட்டேஷன், அதாவது எழுதிய இசைக் குறியீடு, படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் ‘பிறவி ஞானம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பக்கத்தில் பாடிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் ஒருவர் இருந்தார் என்பது நம் கணக்கில் வருவதில்லை.

அதனால் முதல் மூன்று மாதம் நான் எண் கொடுப்பதில்லை. பாலர் பள்ளியில் பாடிய பாட்டு, கோயிலில் கேட்ட தேவாரம், எதுவாக இருந்தாலும் சரி. முதலில் வாய்விட்டுப் பாட வேண்டும், அப்புறம் ஒரே கம்பியில் அதைத் தேட வேண்டும். தோட்டத்துக் கோயில் பஜனையில் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். அதற்கு இணையான பயிற்சியை எந்த வகுப்பும் தராது.

‘பன்னிரண்டு வயசாயிடுச்சு, இனிமே லேட்டு’ என்று சொல்கிறவர்களும் உண்டு. ஜாஸ் மேதை வெஸ் மாண்ட்கோமரி கிட்டாரில் முழுமூச்சாக இறங்கியபோது அவருக்கு 20 வயது இருக்கும். இன்னொரு ஜாஸ் கிட்டார் கலைஞரான சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் கற்றார்.

பயிற்சி செய்யும் விதத்திலும் தவறு நடக்கிறது. பிள்ளை ஓரிடத்தில் தடுக்கினால் உடனே முதலிலிருந்து தொடங்கும். இருபது தடவை இப்படிச் செய்தால் பாட்டின் தொடக்கம் பளிச்சென்று இருக்கும், தடுக்கிய இடம் தடுக்கியபடியே இருக்கும். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைப்பது கோர்டு. சி கோர்டிலிருந்து எஃப் கோர்டுக்கு மாறும்போது விரல் திணறுகிறது என்றால், அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு மாற்றம். ஐந்து முறை சுத்தமாக வந்தால் 64. வரவில்லை என்றால் 56. வேகத்தைத் துரத்தாதீர்கள்; விரல் பழகினால் அது தானாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல். அன்றன்று விரல் பழகியதைத் தூக்கத்தில் மூளை நிலைப்படுத்துகிறது. பத்தாயிரம் மணி நேரம் பயின்றால்தான் மேதையாகலாம் என்ற கணக்கைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டவும் வேண்டாம். அது 1993இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் வயலின் மாணவர்களிடம் எடுத்த ஆய்விலிருந்து வந்தது. சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் செய்த பயிற்சியின் சராசரிதான் அது. அவர்களிலும் பாதிப் பேர் அந்த வயதில் பத்தாயிரத்தைத் தொடவில்லை என்று எரிக்சனே பின்னர் எழுதினார்.

கிரேடு தேர்வு எழுதட்டும், தப்பில்லை. ஆனால் ஆண்டு முழுக்கத் தேர்வுக்கான மூன்று பாடல்களை மட்டும் வாசிக்கும் பிள்ளையிடம், நண்பன் பாடுகிறான், கூட வாசி என்றால் விழிக்கிறது. திருவிழா மேடையும் அப்படியே. ஒரு பாட்டை மாதக்கணக்கில் தேய்த்து மேடையேற்றுவதைவிட, வீட்டு வாசலில் நாலு பேரோடு வாசிக்க விடலாம்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை வைக்காதீர்கள், பசை இளகி, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை தூக்கிக்கொள்ளும். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றப் பாடுபட வேண்டாம்.

ஆசிரியர் பற்றியும் சொல்ல வேண்டும். ஈப்போவில் பெரிய மாஸ்டர் கிடைத்தால்தான் ஆச்சு என்று காத்திருக்கும் பெற்றோர் பலர். 1985இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் வெளியிட்ட ஆய்வின்படி, பிற்காலத்தில் மேதைகளான பியானோ கலைஞர்களின் முதல் ஆசிரியர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரர்கள், பிள்ளைகளிடம் அன்பாகப் பழகியவர்கள். வீட்டுக்கு அருகில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடமே தொடங்கலாம். பெரிய மாஸ்டர் அப்புறம் வரட்டும்.

அந்தப் பையனின் அப்பா தீபாவளிக்கு முன்பு ஒரு முக்கால் அளவுக் கிட்டாரைப் பழசாக வாங்கினார். போன வாரம் பாட்டி பாடும் தாலாட்டை அவன் ஒரே கம்பியில் தேடிக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் ஒரு ஃபிரெட் தவறி விழுந்தது. “இல்லப்பா, பாட்டி இன்னும் கொஞ்சம் மேலே போவாங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலை நகர்த்தினான். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.