உழவூர் ஒன்றின் விவரத்தை எழுதும் முறை: பாலித் தீவு வழியாகச் சித்தூருக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுத முற்படும்போது, பெரும்பாலும் கோயில் கதையில் தொடங்கி மக்கள்தொகையில் முடித்துவிடுகிறார்கள். அந்த எழுத்தில் கோயில் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும். ஆனால் ஊர் எதனால் உண்கிறது என்பது இராது. உழவூரை எழுதுகிறவர் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நான் கண்ட தெளிவான மாதிரி, இந்தோனேசியாவின் பாலித் தீவில் பத்துக்காரு மலைச்சரிவில் அடுக்கு வயல்களோடு அமைந்த ஜாத்திலுவே என்ற சிற்றூர். அவ்வூரின் விவரத்தை எப்படித் திரட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டால், நம் ஊரை எழுதும் வழியும் பிடிபடும்.

முதலில் எல்லையைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பாலியில் ஊர் என்று சொன்னால் மூன்று எல்லைகள் உண்டு. அரசு நிர்வாகத்துக்கு உட்பட்ட ஊர் ஒன்று. கோயிலும் வழக்காறும் கட்டிக்காக்கும் ஊர் ஒன்று. இவை இரண்டோடும் பொருந்தாமல், ஒரே நீர்மூலத்திலிருந்து பாயும் வயல்களை மட்டும் சேர்த்துக் கட்டிய 'சுபாக்' என்ற பாசனக் கூட்டம் ஒன்று. ஒருவர் இந்த ஊரில் குடியிருந்து, அவருடைய வயல்கள் இரண்டு சுபாக்குகளில் கிடக்கலாம். ஒரே வரைபடத்தில் ஒரே கோட்டைப் போட்டுவிட்டு அதுதான் ஊர் என்று சொன்னால் பாதி உண்மை போய்விடும். நம் பக்கமும் நிலைமை இதுவே: பஞ்சாயத்து வார்டின் எல்லை வேறு, வில்லேஜ் ஆபீஸின் எல்லை வேறு, வாய்க்கால் பாயும் ஆயக்கட்டின் எல்லை வேறு. எனவே மூன்று நிறங்களில் மூன்று கோடுகள் போடுங்கள். இந்தோனேசியர்கள் ஊருக்குச் சொல்லும் 'தேசா' என்ற சொல்லும், பாலக்காட்டுப் பழைய ஆதாரங்களில் (நிலப் பத்திரங்களில்) அம்சம் என்ற வருவாய்ப் பிரிவை அடுத்து வரும் 'தேசம்' என்ற சொல்லும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. அந்த ஆதாரங்களில் உங்கள் தேசத்தின் பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய பெயர்ப்பலகையில் இல்லாத ஊர்ப்பெயர்கள் அங்கேதான் கிடைக்கின்றன.

அடுத்ததாகத் தண்ணீர். அதிகப் பக்கங்களை இதற்கே ஒதுக்குங்கள். பாலியின் மலைவாய்க்கால்களில் ஒரு மரத்துண்டைக் குறுக்கே கிடத்தி, அதில் பங்குக்கு ஏற்ற அகலத்தில் வாய்களை வெட்டியிருப்பார்கள். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அகலத்தின் கணக்குப்படியே பிரிந்து ஓடும் என்பதால், அந்த மரத்துண்டின் வெட்டுகளை அளந்தாலே யாருக்கு எவ்வளவு பங்கு என்று தெரிந்துவிடும். சுபாக்கின் தலைவரைப் 'பெக்காசே' என்பார்கள். எழுதி வைத்த கட்டுப்பாடுகளும் அவர்களிடம் உண்டு. இந்த ஏற்பாடு ஒன்பதாம் நூற்றாண்டு முதலே இருந்துவருகிறது. ஐந்து இடங்களில் ஏறத்தாழ 19,500 ஹெக்டேர் பரப்பிலுள்ள அடுக்கு வயல்களையும் நீர்க்கோயில்களையும் யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் ஜாத்திலுவே அடங்கும்.

நமக்குத் தண்ணீர் வரும் வழியையும் இதே நுணுக்கத்தோடு எழுத வேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில், 1970இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு விட வேண்டும். அது சித்தூர்ப்புழை வழியே மூலத்தறையை அடைந்து, அங்கிருந்து இடது, வலது கரைக் கால்வாய்களாகப் பிரிகிறது. இது ஊரறிந்த செய்தி. நீங்கள் செய்ய வேண்டியது, தண்ணீர் திறக்கும் நாளில் தலைமடையிலிருந்து கடைமடை வரை நடப்பது. ஒவ்வொரு மடையிலும் நின்று, தண்ணீர் வந்த நேரம், திறந்தவர் சொந்தக்காரரா பாட்டக்காரரா கூலிக்காரரா, இரவு முறையில் காவல் இருந்தவர் யார் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். என் முதல் முயற்சியில் நான் தலைமடைக்காரர்களிடம் மட்டும் பேசிவிட்டு, தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று எழுதினேன். கடைமடையில் ஒரு பெரியவர் அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, அங்க முறை முடியற அன்னைக்குத்தானுங்க இங்க வாய்க்காலே நனையும்" என்றார். அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் எழுதினேன்.

கால்வாய் எட்டாத கிழக்கு மேட்டு நிலங்களில் ஆழ்குழாய்க் கிணறுகளின் பட்டியல் அவசியம். எந்த ஆண்டு போட்டது, எத்தனை அடியில் தண்ணீர் கண்டது, எந்தக் கோடையில் வற்றியது, பிறகு எவ்வளவு ஆழப்படுத்தினார்கள் என்று வரிசையாக எழுதினால், மழைமறைவுப் பகுதியின் வரலாறு அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

பயிர்க் காலத்தைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதாமல், வயலைப் பார்த்து எழுதுங்கள். பாலியில் சடங்குகளுக்கு 210 நாள் கொண்ட ஒரு நாட்காட்டி உண்டு. ஆனால் நாற்று விடுவதும் வயலைத் தரிசாக விடுவதும் நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவாகும். அண்டை வயல்கள் ஒன்றாகத் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு இரை கிடைக்காது. 1970களில் அரசு விரைவில் விளையும் புதிய ரகங்களைத் தொடர்ந்து நடச்சொல்லி இந்த முறையைக் கைவிடச் செய்தபோது, பூச்சி பெருகியது, தண்ணீர்ப் பங்கீடும் குலைந்தது. புகையான் பூச்சியின் தொல்லை நாடெங்கும் முற்றிய பிறகு, 1986இல் இந்தோனேசிய அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. ஆகவே நம் ஊரில் ஒண்ணாம் விளை, ரெண்டாம் விளை என்று பொதுவாக எழுதி நிறுத்தாமல், ஒரு பாடசேகரத்தில் (சேர்ந்து சாகுபடி செய்யும் வயல் தொகுதியில்) பத்து வயல்களையாவது எடுத்து, விதைத்த நாள், மருந்தடித்த நாள், அறுத்த நாள், நெல்லை அளந்த நாள், பணம் கைக்கு வந்த நாள் ஆகிய ஐந்தையும் அருகருகே எழுதுங்கள். பக்கத்து வயல்களின் நாட்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

அளவுகளை மாற்றி எழுதும்போது பழைய அளவை அழித்துவிடாதீர்கள். பாலியில் நிலத்தை 'ஆர்' கணக்கில் சொல்வார்கள். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். நம் பெரியவர்கள் வயலைப் பறைக் கணக்கில், அதாவது அதில் விதைக்கும் நெல்லின் அளவில், சொன்னால், பறையை அப்படியே எழுதிவிட்டு அருகில் ஏக்கரைக் குறியுங்கள்.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தோனேசியாவில் 2014ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்கு முன்பிருந்தே ஊர்தோறும் விவரக்குறிப்பு தயாரிக்கும் அரசு ஏற்பாடு உண்டு. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின்போது பஞ்சாயத்துகள் எழுதிய வளர்ச்சி அறிக்கைகளைத் தேடிப் பாருங்கள். பலவற்றில் ஊர் வரலாறும் இருக்கிறது. அவை மலையாளத்தில் இருப்பதால், 'நிலம்' என்றால் அங்கே நெல்வயல், 'புரையிடம்' என்றால் வீடும் தோட்டமும் உள்ள மேட்டு நிலம் என்பதை மறவாமல் தமிழாக்குங்கள். இந்த ஒரு சொல் பிசகினால் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

பட்டா உள்ளவர்களின் ஊரை மட்டும் எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நாற்று நடும் பெண்களிடமும், தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலைக்குப் போகிறவர்களிடமும், வேலந்தாவளம் சந்தைக்குத் தக்காளிக் கூடை ஏற்றுகிறவர்களிடமும், அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் சென்று பேசுங்கள். வீட்டு அக்காவிடம் கேட்க வேண்டிய கேள்வியை வாசலில் நிற்கும் அண்ணனிடம் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். கிணற்றில் தண்ணீர் குறைந்ததை முதலில் அறிகிறவர் அந்த அக்காதான்.

எழுதி முடித்ததை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், கிராமசபை கூடும் நாளில் உரக்க வாசித்துக் காட்டுங்கள். யாராவது மறுப்புச் சொன்னால் இரு தரப்பையும் எழுதுங்கள். கடன், வழக்கு, குடும்பச் சண்டை தொடர்பான இடங்களில் ஆட்களின் பெயர்களை நீக்குங்கள். முதல் பக்கத்தில் திரட்டிய மாதத்தையும் ஆண்டையும் தெளிவாகப் போட்டு, ஒரு படியை வாசகசாலையிலும் ஒரு படியைத் தமிழ் படிக்கும் பள்ளியிலும் வையுங்கள். அடுத்த முறை தண்ணீர் திறக்கும்போது மீண்டும் நடந்து நேரங்களைச் சேர்ப்பதற்கு, பின்னால் சில பக்கங்களை வெறுமையாக விட்டுக் கட்டுங்கள்.