ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற வழியில், இரவு பத்தரை மணிக்குப் பின்பக்க டயர் பஞ்சர். டிக்கி நிறைய சாமான். பெட்டி, பை, அரிசி மூட்டை எல்லாவற்றையும் மண்ணில் இறக்கி வைத்த பிறகுதான் ஸ்டெப்னி கைக்கு வந்தது. வியர்க்க விறுவிறுக்க மாட்டி முடித்து ஜாக்கியை இறக்கினேன். ஸ்டெப்னி அப்படியே தரையோடு அமுங்கிப் போனது. காற்றே இல்லை. கார் வாங்கி நான்கு வருஷத்தில் மற்ற நான்கு டயருக்கும் காற்று பிடித்திருக்கிறேன், அதை ஒரு தடவைகூட வெளியே எடுத்ததில்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்தபோது வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது.

கம்பெனியே ஜாக்கி, ஸ்பேனர், பின்னால் வருகிற வண்டிகளை எச்சரிக்கிற முக்கோணம் எல்லாம் கொடுத்திருக்கிறது, அது போதும் என்று நினைப்பதுதான் நாம் செய்கிற பெரிய தவறு. பொருள் இருப்பது வேறு, அது நடுராத்திரியில் வேலை செய்வது வேறு. ஓட்டாமல் வைத்திருந்தாலும் டயரில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கும்போது மாதம் ஒரு தடவை டிக்கியையும் திறந்து காட்டுங்கள். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். ஸ்டெப்னி மற்ற சக்கரங்களைவிடச் சிறியதாக இருந்து, அதில் 80 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பஞ்சர் கடை வரைக்கும் போவதற்குத்தான் அது.

சில புதிய கார்களில் ஸ்டெப்னியே வருவதில்லை. ஓட்டையை அடைக்கிற திரவம் கொண்ட பஞ்சர் கிட் மட்டும் இருக்கும். ஆணி குத்திய ஓட்டைக்கு அது சரி. டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தத் திரவம் எதையும் அடைக்காது. அதற்குக் காலாவதி தேதியும் உண்டு.

அடுத்த சிக்கல் நட்டு. டயர் கடையில் காற்று மெஷினால் இறுக்கிய நட்டை, காரோடு வருகிற குட்டை ஸ்பேனரால் அசைக்கவே முடியாது. ப்ளஸ் வடிவ ஸ்பேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கையாலும் பலம் கொடுக்கலாம். பலர் காரை ஜாக்கியில் தூக்கிவிட்டு அப்புறம் நட்டைக் கழற்றப் பார்ப்பார்கள். சக்கரமும் சுற்றும், கார் ஜாக்கியிலிருந்து சரியவும் கூடும். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். ரோட்டோர மண்ணில் ஜாக்கி புதையும். அதற்கு ஒரு சாண் பலகைத் துண்டு டிக்கியில் கிடக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். காரை ஓட்டுகிற எல்லோரும், வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உட்பட, ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும்.

பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து வருஷம் வரும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இழுத்து இழுத்துப் பிடித்தால் வெளியூர் கிளம்பும் முன்பே சோதித்துவிடுங்கள். இறங்கிய பேட்டரியை இன்னொரு காரின் பேட்டரியோடு இணைக்கிற ஜம்பர் கேபிள் வைத்திருப்பவர்கள்கூட மாட்டும் வரிசையில் தவறுகிறார்கள். முதலில் சிவப்பு கேபிளை இறங்கிய பேட்டரியின் ப்ளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் கடைசி முனையைப் பேட்டரியில் மாட்டாமல், நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரி பக்கத்தில் தீப்பொறி பறக்காமல் இருக்கத்தான் இது.

இன்ஜின் சூடேறி நின்றால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். வெள்ளத்தில் நின்ற காரையும் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் இன்ஜினே உடைந்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, வண்டி நின்ற பிறகு நாம் நிற்கிற இடம். முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் நாலடி தள்ளி வைத்துவிட்டு, டிக்கிக்குப் பக்கத்திலேயே நின்று போன் பேசுகிறவர்களை நான்கு வழிச் சாலையில் அடிக்கடி பார்க்கிறேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கும். 50 மீட்டர் தள்ளி வைத்தால்கூட அந்த டிரைவருக்கு இரண்டு நொடிதான் கிடைக்கிறது. அதில் பாதி, பார்த்துப் புரிந்துகொள்வதற்கே போய்விடும். அதனால் நெடுஞ்சாலையில் 100 மீட்டராவது, அதாவது 130 எட்டு நடந்து போய் வையுங்கள். போகும்போது முக்கோணத்தை வருகிற வண்டிகளுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். காரின் நான்கு பக்க இண்டிகேட்டரும் எரியட்டும். மற்றவர்கள் எல்லோரும் ரோட்டை ஒட்டிய பக்கமாக இறங்காமல் இடதுபுறமாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் போய் நிற்கட்டும். மஞ்சளோ ஆரஞ்சோ ஒளிரும் மேல்சட்டை ஒன்றும், டார்ச்சும், தண்ணீர் பாட்டிலும் டிக்கியில் வைக்காமல் சீட்டுக்கு அடியில் வைத்தால் சட்டென்று எடுக்கலாம்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. ஆபத்து எதுவானாலும் 112. எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள். போனில் சார்ஜ் இறங்கினாலும் பக்கத்தில் யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம்.

முக்கோணம் இல்லாதவர்கள் மரக்கிளையையும் கல்லையும் பின்னால் வைப்பது நம் ஊர் வழக்கம். எனக்கு அன்று உதவிய லாரிக்காரர் அப்படித்தான் வைத்தார். ஸ்டெப்னிக்குத் தன் வண்டியிலிருந்து காற்று பிடித்துக் கொடுத்து, நான் காரில் ஏறிய பிறகும் அவர் கிளம்பவில்லை. திரும்பி நடந்து போய், வைத்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் போட்டார். “பின்னாடி பைக்ல வர்ற பையன் இருட்டுல இதுல ஏறிடுவான் சார்” என்றார்.